எல்லைச் சவாரியும் ஞாபகக் காசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மன் பேசும் ஊர்களின் பழைய வெள்ளிக் காசுகளில் ஆர்வம் வந்தவர்கள் சீக்கிரமே ஒரு விஷயத்தில் போய் முட்டிக்கொள்கிறார்கள்: எல்லைச் சவாரி. ஏலப் பட்டியலில் ஒரு குதிரையோ எல்லைக் கல்லோ தெரிந்தால் போதும், சந்தேகங்கள் வர ஆரம்பித்துவிடும். காசு சேர்க்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதை, அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். முதலில் வழக்கத்தைப் பற்றி, பிறகு காசு, கடைசியில் வாங்கும்போது வரும் தலைவலிகள்.

எல்லைச் சவாரின்னா என்ன? குதிரைப் பந்தயம் மாதிரியா?

பந்தயம் இல்லை. ஊர் மன்றத்தார், வனக்காவலர், நிலம் வைத்திருப்பவர்கள், இளவட்டங்கள் எல்லோரும் குறித்த நாளில் கிளம்பி, ஊரின் எல்லையை ஒரு சுற்று சுற்றி வருவார்கள். ஒவ்வொரு கல்லும், குறி வெட்டிய மரமும், ஓடையும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சாய்ந்த கல்லை நிமிர்த்துவார்கள். கல்லை மறைத்த புதரை வெட்டுவார்கள். பக்கத்து ஊர்க்காரர்களையும் வரவழைத்து அவர்கள் கண்முன்னால் பார்ப்பதும் உண்டு, பின்னால் பேச்சு வரக்கூடாது என்பதற்காக. எல்லை நீளமான இடங்களில் குதிரையில் போனார்கள். மற்ற இடங்களில் நடைதான்.

பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஹெஸ்ஸனில் கிரென்ஸ்காங், வெஸ்ட்ஃபாலியாவில் ஷ்னாட்காங், சுவிட்சர்லாந்தின் பாசல் பக்கம் பான்டாக், பவேரிய நகரங்களில் புர்க்ஃபிரீடன்ஸ் உம்ரிட். ஏலப் பட்டியலில் இதில் எதைப் பார்த்தாலும் ஒரே குடும்பம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதான் கல் நட்டிருக்கே, அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்பச் சுத்தணும்?

கல்லுக்குக் கால் முளைக்கும் என்பதால்தான். அந்தக் காலத்தில் காடு என்பது விறகு, வீட்டு மரம், மாட்டுக்கு மேய்ச்சல், பன்றிக்கு ஓக் கொட்டை, வேட்டை எல்லாம் சேர்ந்தது. இரவோடு இரவாக ஒரு கல் பத்தடி நகர்ந்தால் ஒரு ஊரின் குளிர்காலமே மாறிவிடும். கையில் நம்பகமான வரைபடம் கிடையாது. நம் செப்பேடுகளில் ‘கல்லும் கள்ளியும் நாட்டி’ என்று வருமே, அதே கவலைதான்.

கல்லை நகர்த்தியவனைப் பற்றி ஜெர்மன் நாட்டுப்புறத்தில் ஒரு பேய்க்கதை பரவலாக உண்டு. செத்த பிறகு அவன் தணல் மாதிரி தகிக்கும் கல்லைச் சுமந்துகொண்டு, “இதை எங்கே வைக்கட்டும்?” என்று கேட்டபடி வயல்வெளியில் அலைவானாம். யாராவது ஒருவர் “எடுத்த இடத்திலேயே வை” என்று சொன்னால்தான் அவனுக்கு விடுதலை. சட்டத்தைவிட இந்தக் கதை நிறையப் பேரைத் தடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சின்னப் பசங்களைக் கல்லுகிட்ட நிறுத்தி அறைவாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். காதைத் திருகுவது, கன்னத்தில் ஒன்று போடுவது, தூக்கிக் கல்மேல் தொப்பென்று உட்கார வைப்பது என்று ஊருக்கு ஒரு முறை. கொடுமைக்காகச் செய்ததில்லை, கணக்குப் பார்த்துச் செய்தது. பத்து வயதுப் பையனுக்கு இன்னும் அறுபது வருடம் ஆயுள் இருக்கலாம். எல்லை வழக்கு வந்தால் நீதிமன்றம் ஊர்க் கிழவர்களைத்தான் கூப்பிட்டு விசாரிக்கும். “இந்த இடத்தில்தான் எனக்கு அறை விழுந்தது” என்று சொல்லக்கூடிய கிழவர் வேண்டுமென்றால், அறுபது வருடம் முன்னாலேயே அந்த அறையைக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் அல்லவா?

இதுல காசு எங்க வருது?

அறைக்கு அடுத்த நொடியில். வலி மட்டும் இருந்தால் பையன் அடுத்த தடவை வரமாட்டான். அதனால் கையில் ஒரு சில்லறைக் காசோ, ரொட்டியோ, முட்டையோ கொடுப்பார்கள். வலியும் பரிசும் சேர்ந்தால் இடம் மனதில் நிற்கும்.

கொடுத்தது பெரும்பாலும் அன்றைக்குக் கடையில் செல்லும் சாதாரணச் சில்லறைதான்: பெனிக், கிராய்ட்ஸர் போன்றவை. அதைப் பையன் சாயங்காலமே செலவழித்திருப்பான். அதனால்தான் ‘எல்லைச் சவாரிக் காசு’ என்று பெயர் போட்ட துண்டுகள் இவ்வளவு அரிதாக இருக்கின்றன. வழக்கம் பரவலாக இருந்தது, காசும் கைமாறியது, ஆனால் அந்தக் காசில் வழக்கத்தின் அடையாளம் எதுவும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை நீங்களே சொல்லிவிடலாம்.

கல்லுக்கு அடியில ரகசியமா ஏதோ புதைப்பாங்களாமே? அதுவும் காசா?

காசு இல்லை, அதைவிட சாமர்த்தியமான ஒன்று. பவேரியாவின் வடக்கே ஃபிராங்கோனியா பகுதியில் ஃபெல்ட்கெஷ்வோரனே என்ற நில சாட்சிகள் உண்டு. பல ஊர்களில் ஏழு பேர் என்பதால் ‘ஏழுவர்’ என்றே அழைப்பார்கள். ஆயுள் முழுக்கப் பதவி. கல் நடும்போது மற்ற எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அடியில் சுட்ட மண், கண்ணாடி, கல் போன்ற மக்காத துண்டுகளைத் தங்களுக்கு மட்டும் தெரிந்த விதத்தில் அடுக்கி மூடுவார்கள். யாராவது கல்லைப் பெயர்த்து வேறு இடத்தில் நட்டால் மேலே ஒன்றும் தெரியாது. தோண்டிப் பார்த்தால் அடுக்கு இருக்காது, குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்த அடுக்கு முறையை எழுதி வைப்பதில்லை, வாய்மொழியாகவே அடுத்தவருக்குச் சொல்வார்கள். பவேரியாவில் இந்தப் பதவி இன்றும் சட்டப்படி இருக்கிறது. நில அளவைத் துறை கல் நடும்போது இவர்கள் கூட நிற்கிறார்கள். சுடுமண் ‘சாட்சி’த் துண்டுகளில் ஊர்ச்சின்னம் பொறித்தவையும் உண்டு. அவற்றைச் சிலர் டோக்கன் என்று விற்கிறார்கள். அது டோக்கன் இல்லை, ஏதோ ஒரு கல்லுக்கு அடியிலிருந்து எடுத்தது. வாங்காதீர்கள்.

இதெல்லாம் எப்போ நின்னு போச்சு?

அரசாங்கம் சங்கிலி பிடித்து நிலத்தை அளந்தபோது. பவேரியாவில் 1808-லும் வுர்ட்டம்பெர்க்கில் 1818-லும் பெரிய நில அளவை தொடங்கியது; வுர்ட்டம்பெர்க் வேலை 1840-ல் முடிந்தது. எல்லை காகிதத்துக்குப் போனபின் ஊரைச் சுற்ற வேண்டிய கட்டாயம் போய்விட்டது. பல ஊர்கள் விட்டுவிட்டன. சில ஊர்கள் அதைத் திருவிழாவாக மாற்றிக்கொண்டன. இன்று ஏலத்துக்கு வரும் மெடல்களில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை ஊர்களுடையது.

இப்பவும் நடக்குதா? எங்க போனா பாக்கலாம்?

ஹெஸ்ஸனில் பீடன்கோஃப் என்ற சின்ன நகரம் ஏழு வருடத்துக்கு ஒருமுறை மூன்று நாள் எல்லை நடக்கிறது. 2012, 2019, 2026 என்று போகும் கணக்கு. ஊரே இளைஞர் அணி, ஆண்கள் சங்கம் என்று பிரிந்து கொடியோடு மலை ஏறும். முன்னால் இரண்டு ஓட்டக்காரர்கள் நீளச் சவுக்கைச் சொடுக்கிக்கொண்டு போவார்கள். அவர்களோடு வாள் ஏந்தி, முகத்தில் கறுப்பு பூசிய ஒரு வேடக்காரர். இந்தக் கறுப்பு வேடம் இன்று சர்ச்சைக்குரியது. எல்லைக் கல் வந்ததும் ‘ஹுப்ஷன்’: ஆளைப் பிடித்துக் கல்லுக்கு மேல் தூக்கித் தூக்கி இறக்குவார்கள். மேயரும் தப்ப முடியாது. மூன்றாவது கேள்வியில் சொன்ன அறையின் சாதுவான பேரப்பிள்ளை இது.

வெஸ்ட்ஃபாலியாவின் பிரிலோன் தன் எல்லை நடைக்கு 1388 என்ற ஆண்டைச் சொல்கிறது. அங்கே முதல்முறை வருகிறவரைக் கைகால் பிடித்துத் தூக்கி, பின்பக்கத்தை எல்லைக் கல்லில் இடிப்பார்கள். பாசல் அருகே லீஸ்டாலில், இயேசு விண்ணேறிய வியாழனுக்கு முந்தைய திங்கள் அன்று, நான்கு அணிகளாகப் பிரிந்து தொப்பியில் பூச்செருகி நடப்பார்கள். பழைய துப்பாக்கிகள் வெடிக்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். லீஸ்டாலில் ஆண்களும் பையன்களும் மட்டும்தான். சுற்றுவட்டாரத்தின் பல ஊர்களில் குடும்பத்தோடு போகிறார்கள்.

உண்மையான குதிரைச் சவாரி பார்க்க வேண்டுமென்றால் லூசர்ன் மாநிலத்தின் பெரோமுன்ஸ்டர். 1509 முதல் விண்ணேற்றத் திருநாளன்று நடக்கிறது. பாதிரியார் நற்கருணைப் பாத்திரத்தை ஏந்திக் குதிரைமேல் இருப்பார், பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகள், பங்கு எனப்படும் தேவாலய வட்டாரத்தின் எல்லையைச் சுற்றிச் சுமார் 18 கிலோமீட்டர். எல்லை பார்ப்பதும் வயலுக்கு ஆசி கொடுப்பதும் ஒரே வேலையாகிவிட்ட ஊர் இது.

வைன்கார்ட்டன் ஊர்ல ஆயிரக்கணக்கான குதிரை போகுமே, அதுவும் இதுதானே?

கிட்டத்தட்ட. ஆனால் இல்லை. அது திரு இரத்த ஊர்வலம். கிறிஸ்துவின் இரத்தம் என்று நம்பப்படும் புனிதப் பொருளைக் குதிரைமேல் ஏந்திப் போவார்கள். விண்ணேற்றத் திருநாளுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை நடக்கும். 1529-லேயே பதிவு இருக்கிறது. வயல்களுக்கு ஆசி உண்டு, ஆனால் எல்லைக் கல் சரிபார்ப்பது நோக்கம் இல்லை.

காசு சேர்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். வைன்கார்ட்டன் பெயரில் பழைய யாத்திரை மெடல்கள் நிறையக் கிடைக்கின்றன. அவை ஜெபமாலையில் கோர்க்கும் பக்திப் பொருள்கள். எல்லைச் சவாரி என்று சொல்லி யாராவது விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

காசுல குதிரைக்காரன் இருந்தா எல்லைச் சவாரின்னு வெச்சுக்கலாமா?

வேண்டாம். ஜெர்மன் காசுகளில் குதிரைக்குப் பஞ்சமே இல்லை. மான்ஸ்ஃபெல்ட் பிரபுக்களின் தாலர் என்ற பெரிய வெள்ளிக் காசில் புனித ஜார்ஜ் குதிரைமேலிருந்து டிராகனைக் குத்துவார். போர் வீரர்கள் அதைத் தாயத்தாகவே வைத்திருந்தார்கள். மைன்ஸ் காசில் புனித மார்ட்டின் தன் மேலங்கியைப் பிச்சைக்காரருக்குக் கிழித்துக் கொடுப்பார். பிரவுன்ஷ்வைக் காசில் ஆளே இல்லாமல் ஒரு குதிரை தாவும். எல்லாம் ஊரின் காவல் புனிதர் அல்லது அரச குலச் சின்னம்.

நியூரம்பர்க் சதுரக் காசுல ஒரு பையன் குச்சிக் குதிரை ஓட்டுறானே, அது எல்லைச் சவாரிக் காசுதானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில்: இல்லை. ஆனால் எல்லைச் சவாரிக் காசின் மனசு என்ன என்று புரிய வேண்டுமானால் இதைவிட நல்ல துண்டு கிடையாது.

காசைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் இருக்கும் சதுர வெள்ளி. ஒரு முகத்தில், கால்களுக்கு நடுவே குச்சிக் குதிரையை வைத்துக்கொண்டு சவுக்கோடு ஓடும் பையன், 1650 என்ற ஆண்டு, ‘நியூரம்பர்கில் அமைதியின் நினைவு’ என்ற ஜெர்மன் எழுத்து. மறுமுகத்தில் இரட்டைத் தலைக் கழுகும், பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்டை வாழ்த்தும் லத்தீனும். பையனின் உருவம் தேர்ந்த சிற்பியின் கைவேலை இல்லை, கொஞ்சம் பொம்மைத்தனமாகவே இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கிறது.

பின்னணி இது. முப்பதாண்டுப் போரை முடித்த உடன்படிக்கை 1648 அக்டோபர் 24 அன்று கையெழுத்தானது. ஆனால் கையெழுத்து போட்டதும் படைகள் கலைந்துவிடவில்லை. சுவீடன் படைக்கு மட்டும் ஐம்பது லட்சம் தாலர் கொடுத்தாக வேண்டும். யார் எந்தக் கோட்டையை எப்போது காலி செய்வது என்று பேச 1649 முதல் 1650 வரை நியூரம்பர்கில் மாநாடு நடந்தது. சுவீடன் தரப்பில் கார்ல் குஸ்டாஃப், பேரரசர் தரப்பில் ஒட்டாவியோ பிக்கோலோமினி. கார்ல் குஸ்டாஃப் நகர மண்டபத்தில் கொடுத்த விருந்தின்போது, ஜன்னலில் வைத்த சிங்கத்தின் வாயிலிருந்து தெரு மக்களுக்கு ஒயின் கொட்டியது. 1650 கோடையில் கடைசி ஒப்பந்தம் முடிந்ததும் பிக்கோலோமினி வாணவேடிக்கையோடு பதில் விருந்து கொடுத்தார். அந்தக் கொண்டாட்டத்தின் காசு இது.

பிக்கோலோமினி பசங்களுக்குக் காசு கொடுத்த கதை உண்மையா?

ஊர்க்கதை இப்படிப் போகிறது. குச்சிக் குதிரையோடு வந்து நிற்கும் ஒவ்வொரு பையனுக்கும் பிக்கோலோமினி வெள்ளிக் காசு தருவார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மறுநாள் அவர் தங்கியிருந்த வீட்டு வாசலில் ஒரே பையன்கள் படை. விஷயம் கேட்டுச் சிரித்தவர், “அடுத்த வாரம் இதே மாதிரி வாருங்கள்” என்று அனுப்பிவிட்டு, அதற்குள் காசு அடிக்க ஏற்பாடு செய்தார். சொன்னபடி வந்தவர்களுக்குக் கிடைத்தது.

காசு உண்மை, மாநாடு உண்மை. நடுவில் இருக்கும் வதந்தியும் ஒரு வாரத் தவணையும் கதை சொல்கிறவர்களின் கைவண்ணமாகவும் இருக்கலாம். ஆனால் குழந்தை விளையாட்டைக் காசில் பொறித்து ‘நினைவு’ என்று எழுதியது யாருக்காக என்று யோசித்துப் பாருங்கள். முப்பது வருடப் போருக்கு நடுவே பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு அமைதி என்றால் என்னவென்றே தெரியாது. அந்த நாளைக் கிழவயது வரை சுமக்கக் கூடியவர்கள் பையன்கள்தான். எல்லைக் கல் பக்கத்தில் கொடுத்த சில்லறையின் அதே கணக்கு, இந்த முறை அறை இல்லாமல்.

ஒரு புத்தகத்துல ஜூன் 16, இன்னொண்ணுல ஜூன் 26னு இருக்கு. எது சரி?

இரண்டும். நியூரம்பர்க் புராட்டஸ்டன்ட் நகரம். 1700 வரை பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது. கத்தோலிக்கப் பேரரசர் தரப்பு கிரெகோரியன் நாள்காட்டி. பத்து நாள் வித்தியாசம். ஒப்பந்தம் ஊர்க்காரர்களுக்கு ஜூன் 16, பிக்கோலோமினிக்கு ஜூன் 26. ஏலக் குறிப்பில் தேதி மாறியிருந்தால் உடனே போலி என்று முடிவுகட்டாதீர்கள்.

காசு ஏன் சதுரமா இருக்கு? வட்டமா வெட்ட முடியலையா?

வட்டமாக வெட்டத் தெரியாமல் இல்லை. சதுரத் தகட்டில் அடித்த காசை ‘கிளிப்பே’ என்பார்கள். முற்றுகைக் காலத்தில் அவசரத்துக்கு வெள்ளித் தட்டுகளை வெட்டி இப்படி அடித்ததுண்டு. அமைதிக் காலத்தில் அதே வடிவம் பரிசுக்கும் கொண்டாட்டத்துக்கும் போனது; சாக்சனியில் துப்பாக்கி சுடும் போட்டிக்கென்றே கிளிப்பே அடித்தார்கள். சதுரமாக இருந்தால் சில்லறையோடு கலக்காது. பார்த்தவுடனே ‘இது செலவழிக்க இல்லை’ என்று தெரியும்.

அதே ஊர்ல ஆட்டுக்குட்டி போட்ட தங்கக் காசுல 1700னு இருக்கு. அப்போ அது முந்நூறு வருஷம் பழசு, சரிதானே?

சில துண்டுகள் ஆமாம். சில துண்டுகள் கிடையாது. உலக உருண்டைமேல் கொடியோடு நிற்கும் ஆட்டுக்குட்டி, நூற்றாண்டு பிறந்ததற்காக நியூரம்பர்க் அடித்தது. வட்டத்திலும் சதுரத்திலும் உண்டு. ஞானஸ்நானத்துக்கும் புத்தாண்டுக்கும் பரிசு கொடுக்க எல்லோரும் கேட்டதால், ஆண்டை மாற்றாமலே பல பத்தாண்டுகளுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் காலத்துத் துண்டு என்பதை நாணயச்சாலை அதிகாரியின் சின்ன முதலெழுத்துகளை வைத்துத்தான் பிரிப்பார்கள்.

டுகாட் என்ற தங்கக் காசு சுமார் 3.49 கிராம். ஆட்டுக்குட்டியில் அதன் முப்பத்திரண்டில் ஒரு பங்கு வரை உண்டு. ஒரு கிராமில் பத்தில் ஒன்று சொச்சம். தும்மினால் பறந்துவிடும். குழந்தைக்குக் கொடுத்த ஞாபகக் காசு என்ற வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

என்கிட்ட இருக்கிறது காசா, மெடலா? எப்படிச் சொல்றது?

அரசோ நகரமோ தன் அதிகாரத்தில், ஊரில் செல்லும் எடைத் தரத்தில் அடித்தால் காசு. நினைவுக்காக மட்டும் அடித்தால் மெடல். ‘மதிப்பு எழுதியிருக்கிறதா’ என்று மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். பழைய தாலர் பலவற்றில் மதிப்பே எழுதியிருக்காது. எடையைப் பாருங்கள். குச்சிக் குதிரைக் கிளிப்பேயைத் தங்கத்தில் டுகாட் எடைக்கு அடித்ததும் உண்டு. அதை அந்தக் காலக் கடைக்காரர் மறுத்திருக்க மாட்டார். வெள்ளியில் அடித்ததோ பரிசுத் துண்டு மாதிரி. இரண்டுங்கெட்டான் ரகம் என்று ஒத்துக்கொண்டு போவதுதான் நேர்மை.

பித்தளையில் நியூரம்பர்க் பெயரோடு ஒரு வட்டத் தகடு இருந்தால் அது இரண்டும் இல்லை. கணக்குப் பலகையில் நகர்த்தும் எண்ணுகாய் அது. ஹான்ஸ் கிரௌவிங்கல் போன்றவர்கள் இதை ஐரோப்பா முழுக்க ஏற்றுமதி செய்தார்கள். ‘இன்று செம்மை, நாளை மரணம்’ என்ற பொருளில் ஜெர்மன் வாசகம் போட்டவை பிரபலம். விலை மலிவு, அழகு அதிகம்.

சுவிஸ் 5 ஃபிராங்க்ல பழக்க வழக்கம் போட்டு ஒரு வரிசை வந்ததே, அதுல எல்லைச் சவாரி இருக்கா?

இல்லை. 1999 முதல் 2003 வரை வந்த இரட்டை உலோகக் காசுகள்: திராட்சைத் தோட்டக்காரர் விழா, பாசல் ஃபாஸ்நாக்ட், சூரிச் செக்ஸலாய்ட்டன், ஜெனீவா எஸ்கலாட், சலாண்டாமார்ஸ். செக்ஸலாய்ட்டனில் குதிரைக்காரர்கள் பனிமனிதன் உருவில் செய்து கொளுத்திய பொம்மையைச் சுற்றி ஓட்டுவதைப் பார்த்துச் சிலர் குழம்புகிறார்கள். அது குளிர்காலத்தை வழியனுப்பும் சடங்கு.

“18-ஆம் நூற்றாண்டு எல்லைச் சவாரி மெடல்”னு ஒருத்தர் விக்கிறார். நம்பலாமா?

முதலில் உலோகம். இலேசாக, சாம்பல் வெள்ளையாக இருந்தால் அலுமினியம். அது மலிவாகக் கிடைத்ததே 1886-ல் கண்டுபிடித்த மின்பகுப்பு முறைக்குப் பிறகுதான். 18-ஆம் நூற்றாண்டில் அலுமினிய மெடலுக்கு வாய்ப்பே இல்லை. அடுத்தது ஆண்டுகள். 1388–1988 என்கிற மாதிரி இரண்டு ஆண்டு போட்டிருந்தால், பின்னதுதான் அதன் வயது. மூன்றாவது விளிம்பு. 835, 925, 999, 1000 போன்ற எண் விளிம்பில் பொறித்திருந்தால் அது நவீன வெள்ளி மெடல். சட்டப்பூர்வமான அழகான பொருள்தான், பழசு மட்டும் இல்லை.

இதெல்லாம் தாண்டி, நான்காவது கேள்வியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கொடுத்தது சாதாரணச் சில்லறை. ‘எல்லைச் சவாரி’ என்று வாய்விட்டுச் சொல்லும் துண்டு என்றால், திருவிழா ஆன பிறகு வந்ததாக இருக்கவே அதிக வாய்ப்பு.

குச்சிக் குதிரைக் காசுல போலி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நினைவுப் பொருளாக அடித்த நகல்கள் நிறைய இருக்கின்றன. எல்லாமே ஏமாற்ற அடித்தவை இல்லை, ஏமாற்றி விற்கப்படுபவை. பத்து மடங்கு லென்ஸில் விளிம்பைப் பாருங்கள். வார்ப்பு நகலானால் விளிம்பின் நடுவே கோடு ஓடும் அல்லது அரம் போட்டுத் தேய்த்த தடம் இருக்கும். எழுத்துகளைச் சுற்றி ஊசிமுனைக் குழிகள் தெரியும். அச்சில் அடித்த காசில் எழுத்தின் கரை வெட்டினாற்போல நிற்கும், பரப்பில் உலோகம் வெளிப்பக்கமாக ஓடிய மெல்லிய கோடுகள் இருக்கும். பழைய கிளிப்பேயின் நான்கு பக்கமும் அச்சாக ஒரே அளவு இருக்காது. ஸ்கேல் வைத்து வெட்டியது மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் அடர்த்தி. நகைக்கடைத் தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துச் சுழியாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி. நல்ல வெள்ளி 10-க்கு மேல், 10.5-க்குள் வரும். பித்தளையானால் 8.5 பக்கம் நிற்கும். காந்தச் சோதனை இரும்பைத்தான் பிடிக்கும், ஈயக் கலவையை விட்டுவிடும்.

ஓட்டை போட்டிருக்கு, இல்லன்னா கொக்கி வெச்ச தடம் இருக்கு. வாங்கலாமா?

விலை கணிசமாகக் குறையும், ஏல நிறுவனங்கள் அதைக் கண்டிப்பாகக் குறிப்பிடும். மேல் மூலையில் பற்றாசு வைத்த சின்ன மேடு, அதைச் சுற்றி நிறம் மாறிய வெள்ளி: அதுதான் கொக்கித் தடம். முதலீட்டுக்கு வாங்குகிறவர்கள் விலகிப் போவார்கள்.

என்னைக் கேட்டால் வாங்குவேன். இந்த வகைக் காசைக் கழுத்தில் தொங்கவிட்டவர்கள் உண்டு. யாரோ ஒரு அம்மா பையன் தொலைத்துவிடக் கூடாதென்று கொக்கி வைத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஓட்டையை அடைத்து, மேலே எழுத்தைச் செதுக்கி, முழுக்காசு விலைக்கு விற்பதும் நடக்கிறது. மூலைகளை லென்ஸில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கறுத்துப் போயிருக்கு. புளி போட்டுத் தேய்க்கலாமா?

குத்துவிளக்குக்குப் புளி. காசுக்கு வேண்டாம். விபூதி, பற்பசை, வெள்ளிப் பாலிஷ் எதுவும் வேண்டாம். கறுப்பு என்பது காலம் போட்ட தோல். அதை உரித்தால் பாதி விலை போய்விடும், திரும்ப வராது. பிசுக்கு இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். பிவிசி உறையில் போட்டால் பச்சைப் பிசின் பிடிக்கும். நம் ஊர் வெக்கைக்கு அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

புதுசா ஆரம்பிக்கிறேன், கையில அதிகம் காசில்லை. எதை வாங்கட்டும்?

கிரௌவிங்கல் எண்ணுகாயில் ஆரம்பியுங்கள். நாலு நூற்றாண்டு பழைய நியூரம்பர்க் உலோகம் ஒரு சுமாரான ஓட்டல் சாப்பாட்டுச் செலவில் கையில் இருக்கும். காகிதம் பிடிக்குமென்றால் 1921, 1922 ஆண்டுகளின் அவசரகாலச் சின்ன நோட்டுகள். ஏராளமான ஜெர்மன் ஊர்கள் தங்கள் கதையையும் பழக்கத்தையும் வண்ணத்தில் அடித்துத் தள்ளின. எல்லை நடை ஊர்களின் 20-ஆம் நூற்றாண்டு மெடல்களை நவீன மெடல் என்று தெரிந்தே, வெள்ளி எடை விலையை ஒட்டி வாங்குவதில் தப்பில்லை.

குச்சிக் குதிரைக் கிளிப்பே மேல் கண் இருந்தால் அவசரப்படாதீர்கள். பெரிய ஏலங்களில் அடிக்கடி வரும். நாலைந்து ஏலத்தின் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பையனின் சவுக்கையும் கழுகின் இறகையும் ஒப்பிட்டுப் பழகினால், எந்த அச்சு எது என்று கண்ணே சொல்லும். அசல் இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று எழுத்தில் தரும் இடத்தில் மட்டும் வாங்குங்கள். அவர்கள் தரும் ரசீதையும் குறிப்புச் சீட்டையும் காசோடு சேர்த்தே வையுங்கள். நாளைக்கு விற்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.